தெரிந்தால்தானே கேட்க முடியும்

ஓமந்தையில் மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்தம் குடும்பத்தினருக்குமாக நடந்த கூட்டத்தில் எமது நலன்புரிக் குழுவினர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். தோட்டத்து வாசகர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கு தருகின்றோம்.





தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்கு ஓமந்தையில் என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். இந்த மண் எங்களுக்கு அந்நியமானதல்ல. 1977ஆம், 1983ஆம் ஆண்டு வன்செயல்களின் பின் லயத்தையும் கொழுந்துக் கூடையையும் விட்டுவிட்டுப் பல்லாயிரம் குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வந்து குடியேறின. இன்றைக்கும் அண்ணன் அங்கே, தங்கச்சி இங்கே என்று இரண்டு பக்கமும் சொந்தம் இருக்கிறது. அவர்கள் நட்டமும் எங்கள் நட்டமும் வேறு வேறு அல்ல.

ஓமந்தை என்றால் பல வருடங்களாக நாட்டு மக்களுக்கு ஒரு சோதனைச் சாவடியின் பெயராகத்தான் இருந்தது. 2009இல் யுத்தம் முடிகிற நேரம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த சனம் இந்த வழியாலே வந்தது. கால் இழந்தவர், கண் இழந்தவர், ஷெல் சத்தத்தில் காது போனவர், முள்ளந்தண்டில் அடிபட்டவர் என்று எத்தனையோ பேர். 2011இல் ரயில் ஓமந்தை வரைக்கும் வந்தது. 2015இல் சோதனைச் சாவடியும் எடுபட்டது. பாதை திறந்துவிட்டது. ஆனால் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்ட மாற்றுத்திறனாளிகள் பலருக்கு வாசற்படி இன்னும் திறக்கவில்லை. அந்தப் படியைத் திறக்கக்கூடிய ஒரு சாவியைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறோம். மின்சாரத்திலும் பற்றரியிலும் இயங்கும் உதவிக் கருவிகளே அந்தச் சாவி.

முதலில் ஒரு கேள்வி கேட்கிறோம். கால் இழந்த ஒருவர் செயற்கைக் காலுக்கு எங்கே போவது என்று உங்களிடம் கேட்டால் என்ன சொல்வீர்கள்? உடனே வழி சொல்லிவிடுவீர்கள். 1987இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய ஜெய்ப்பூர் நிறுவனத்தின் பெயர் வன்னியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அது எப்படித் தெரிந்தது? பத்திரிகையில் படித்தா? இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் அந்தக் காலைப் போட்டுக்கொண்டு சைக்கிள் மிதித்ததை நாம் கண்ணால் கண்டோம். "அவருக்கு முடியுமெண்டால் எனக்கும் முடியும்தானே" என்று அடுத்தவர் போனார். கண்ட சாட்சிதான் அதைப் பரப்பியது.

சரி. பார்வை இல்லாத ஒருவர் தன்னுடைய கடிதத்தைத் தானே வாசிக்க என்ன செய்யலாம்? பேச வராத பிள்ளை "வயிறு வலிக்குது" என்று சொல்ல என்ன வழி? இதைக் கேட்டால் சபை மௌனமாகிவிடுகிறது. கருவி இல்லாததால் அல்ல. இந்தக் கருவிகள் கண்ணுக்குத் தெரியாதவை. காதுக்குப் பின்னால் மறைந்திருக்கும், அல்லது போனுக்குள்ளே ஒளிந்திருக்கும். பாவிப்பவரை நாம் பார்ப்பதில்லை. பார்க்காததால் தெரிவதில்லை. தெரியாததால் கேட்பதில்லை. கேட்காததால் கொடுப்பவரும் இல்லை.

உலக நிலைமையும் ஏறக்குறைய இதுதான். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் சேர்ந்து 2022இல் ஓர் அறிக்கை வெளியிட்டன. உலகத்தில் 250 கோடிக்கு மேற்பட்டோருக்கு ஏதாவது ஓர் உதவிக் கருவி தேவைப்படுகிறதாம். அவர்களில் ஏறக்குறைய 100 கோடிப் பேருக்கு அது கிடைக்கவில்லை. வசதியான நாடுகளில் தேவைப்படுவோரில் 90 சதவீதமானோர் வரை கருவி பெற்றிருக்க, சில ஏழை நாடுகளில் வெறும் 3 சதவீதமானோரே பெற்றிருக்கிறார்கள். எமது நாட்டில் 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.7 சதவீதமானோர், அதாவது 16 இலட்சத்துக்கும் அதிகமானோர், ஏதோ ஒரு சிரமத்தோடு வாழ்கிறார்கள். நூறு பேர் உள்ள ஊரில் எட்டு ஒன்பது பேர். பிரட்டுக்களத்தில் நிற்கும்போதும் கோயில் திருவிழாவிலும் அத்தனை பேரைக் காண்கிறோமா? காணவில்லை என்றால் அவர்கள் எங்கே இருக்கிறார்கள்?

இனி, என்னென்ன கருவிகள் உண்டு என்று சுருக்கமாகப் பார்ப்போம்.

காது கேளாமை

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. இதில் காலம் போனால் திரும்பி வராது. ஒரு பிள்ளை பேச்சைக் காதால் வாங்கித்தான் வாயால் கொடுக்கிறது. முதல் மூன்று நான்கு வருடங்கள்தான் மொழி வேர் பிடிக்கும் காலம். "அப்பனும் லேட்டாத்தான் பேசினான், இவனும் பேசுவான்" என்று காத்திருந்தால், பிள்ளைக்குப் போவது சத்தம் மட்டுமல்ல, மொழியே போய்விடுகிறது. ஆகவே கதவு அடித்துச் சாத்தினாலும் திடுக்கிடாத குழந்தை, ஒரு வயதாகியும் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத குழந்தை, காதில் அடிக்கடி சீழ் வடியும் குழந்தை, இவர்களை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். காது மூக்குத் தொண்டை கிளினிக்குக்குக் கடிதம் கேட்டு வாங்குங்கள். காது பரிசோதனைக்குக் குழந்தை வளர வேண்டும் என்பதில்லை. பிறந்த குழந்தைக்கும் பார்க்கலாம். பிள்ளைக் காம்பராவில் வேலை செய்யும் சகோதரிகளே, நாள் முழுக்கப் பிள்ளையைப் பார்ப்பது நீங்கள். இதைத் தாய்க்கு முன்பே கண்டுபிடிக்கக்கூடியவர்களும் நீங்கள்தான்.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு நாளில் எட்டு மணித்தியாலம் 85 டெசிபெல்லுக்கு மேற்பட்ட சத்தத்தில் நிற்பவருக்குக் காலப்போக்கில் காது மந்தமாகும். பக்கத்தில் நிற்பவரோடு கத்திப் பேச வேண்டியிருந்தால் அந்த இடம் ஏறக்குறைய அந்த அளவுக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். தேயிலைத் தொழிற்சாலையின் இயந்திரங்களுக்குப் பக்கத்தில் வேலை செய்பவரும், இங்கே அரிசி ஆலையில், மர ஆலையில் நிற்பவரும் இதைக் கவனிக்க வேண்டும்.

காது மெஷின் என்று நாம் சொல்லும் கருவி இப்போது டிஜிட்டலாகிவிட்டது. ஒவ்வொருவருடைய காதையும் சோதித்து, எந்தச் சத்தம் குறைவாகக் கேட்கிறதோ அதை மட்டும் கூட்டிக் கொடுக்கும்படி அதைச் செட் பண்ணுகிறார்கள். அதனால்தான் தாத்தாவின் மெஷினைப் பேரனுக்குப் போட முடியாது. கடைத்தெருவில் மலிவாக விற்கும் சத்தம் கூட்டும் பெட்டிகளை வாங்கி ஏமாற வேண்டாம். அது எல்லாச் சத்தத்தையும் ஒரேயடியாகக் கூட்டும். இருக்கிற கேள்வியையும் கெடுத்துவிடலாம்.

கருவி கிடைத்தும் பெட்டிக்குள் வைத்திருப்பவர்கள் பலர். கேட்டால், "போட்டா தலைக்குள்ள கடகடன்னு இருக்குங்க" என்பார்கள். உண்மைதான். வருடக்கணக்காகக் கேளாத காதுக்குத் திடீரென்று பாத்திரச் சத்தமும் காற்றுச் சத்தமும் சேர்ந்து வந்தால் எரிச்சல் வரும். மூளை பழக நாள் எடுக்கும். முதலில் வீட்டுக்குள் ஒரு மணித்தியாலம், பிறகு இரண்டு என்று கூட்டிக்கொண்டே போக வேண்டும். அதன் பிறகும் சரிவராவிட்டால் கிளினிக்குக்குத் திரும்பிப் போய் மறுபடியும் செட் பண்ணச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை. கெஞ்ச வேண்டியதில்லை.

பற்றரி விஷயம். அந்தச் சிறிய பற்றரிகளின் மேல் ஒட்டியிருக்கும் தாளின் நிறம்தான் அதன் அளவைச் சொல்லும். மஞ்சள் என்றால் 10, மண்ணிறம் 312, செம்மஞ்சள் 13, நீலம் 675. நிறத்தை ஞாபகம் வைத்தால் கடையில் கேட்க ஆங்கிலம் தேவையில்லை. தாளை உரித்தவுடன் பற்றரி வேலை செய்யத் தொடங்கிவிடும். திரும்ப ஒட்டினாலும் நிற்காது. ஆகவே தேவையான அன்றுதான் உரிக்க வேண்டும். உரித்து ஒரு நிமிடம் காற்றுப்பட வைத்துப் போட்டால் நன்றாக இருக்கும். இரவில் பற்றரிக் கதவைத் திறந்து வையுங்கள். மலைநாட்டில் பனி ஈரம், இங்கே வியர்வை ஈரம். இரண்டும் கருவிக்குச் சத்துரு. மூடியுள்ள போத்தலில், ஈரம் உறிஞ்சும் சிறு பையோடு வைத்தால் நெடுநாள் உழைக்கும். பிள்ளை வளர வளரக் காதும் வளரும். காது அச்சை மாற்றாவிட்டால் கீச்சென்று சத்தம் போடும். அதைக் கருவி பழுது என்று நினைத்துத் தூக்கி எறிய வேண்டாம். இன்னொன்று, இந்தப் பற்றரியைக் குழந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

பார்வை

இன்று ஏறக்குறைய ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ஸ்மார்ட் போன் இருக்கிறது. மகன் கொழும்பிலிருந்தோ மகள் வெளிநாட்டிலிருந்தோ அனுப்பியது. அந்தப் போனுக்குள்ளேயே, வேறு காசு கொடுக்காமல், பார்வையற்றவருக்கு வாசித்துச் சொல்லும் வசதி இருக்கிறது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அண்ட்ரொய்ட் போனில் அதன் பெயர் டோக்பேக். ஐபோனில் வொய்ஸ் ஓவர். விரலால் தொட்ட இடத்தில் என்ன இருக்கிறதோ அதைச் சொல்லும். இரண்டு தரம் தட்டினால் திறக்கும். தமிழிலும் பேசும். போன் கமராவைக் கடிதத்துக்கு மேலே பிடித்தால் அச்செழுத்தை வாசித்துச் சொல்லும் வசதியும் இருக்கிறது.

கம்பியூட்டருக்கும் இப்படி ஒன்று உண்டு. என்விடிஏ என்று பெயர். 2006இல் அவுஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் தொடங்கியது. அதுவரை இத்தகைய மென்பொருட்கள் கம்பியூட்டரைவிட விலை கூடியவையாக இருந்தன. பார்வையற்றவன் ஏன் அதிகம் காசு கொடுக்க வேண்டும் என்ற கேள்வியிலிருந்து பிறந்தது இது. இன்றும் இலவசம். தமிழிலும் வாசிக்கும். பெரும் தமிழ்ப் பெயரொன்றும் இந்தத் துறையில் உண்டு. டி. வி. ராமன் என்பவர் 14 வயதில் பார்வையை இழந்தார். பம்பாய் ஐ.ஐ.டி.யில் படித்து, 1994இல் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். கணித சமன்பாடுகளையே கம்பியூட்டர் குரலில் வாசிக்கும் முறையை உருவாக்கினார். பிறகு கூகுள் நிறுவனத்தில் பார்வையற்றோருக்கான வசதிகளில் வேலை செய்தார். பார்வை போனால் படிப்பும் போச்சு என்று சொல்பவர்களுக்கு இந்தப் பெயரைச் சொல்லுங்கள்.

ஓர் எச்சரிக்கை. டோக்பேக்கைப் போட்டவுடன் போனைத் தொடும் முறை முழுவதும் மாறிவிடும். பழக்கம் இல்லாத வீட்டார் "போன் பைத்தியம் பிடிச்சிட்டுது" என்று நிறுத்திவிடுவார்கள். பலருடைய முயற்சி அந்த முதல் நாளிலேயே முடிந்துபோகிறது. ஏற்கனவே பாவிக்கும் ஒருவரிடம் இரண்டு மூன்று நாள் உட்கார்ந்து பழகினால் பிறகு விட மாட்டீர்கள். 1912இல் தொடங்கிய இரத்மலானைப் பாடசாலையிலும், கைதடி நவீல்ட் பாடசாலையிலும் படித்து வந்தவர்கள் நமது ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

பேச்சும் கைகாலும்

ஸ்டீபன் ஹோக்கிங் என்ற இங்கிலாந்து விஞ்ஞானியின் படத்தைப் பார்த்திருப்பீர்கள். நரம்பு நோயால் உடம்பு செயலிழந்து, 1985இல் குரலும் போனது. அதற்குப் பின்னர் கம்பியூட்டர் குரலால் முப்பது வருடங்களுக்கு மேல் பேசினார். கடைசிக் காலத்தில் கன்னத்துத் தசையின் அசைவு ஒன்றை வைத்தே எழுத்தைத் தேர்ந்தார். அது பெரிய இடத்துக் கதை என்று தள்ளிவிட வேண்டாம். சென்னையில் வித்யாசாகர் பாடசாலைப் பிள்ளைகளைப் பார்த்து, அஜித் நாராயணன் என்ற பொறியியலாளர் ஆவாஸ் என்ற கருவியை உருவாக்கினார். படத்தைத் தொட்டால் அது குரலாகப் பேசும். இன்று அது போனிலும் டப்பிலும் கிடைக்கிறது. தமிழும் உண்டு. அதற்கும் வசதி இல்லையா? ஒரு மட்டையில் சோறு, தண்ணீர், கழிப்பறை, வலி, அம்மா என்று படம் ஒட்டிப் பிள்ளைக்குக் காட்டச் சொல்லுங்கள். பற்றரி இல்லாத அந்த மட்டையில் பழகிய பிள்ளை நாளை கருவியில் இலகுவாகப் பழகும்.

முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்கள் வன்னியில் அதிகம். மாங்குளத்தில் உயிரிழை என்ற அமைப்பை அவர்களே கூடி நடத்துவதை நீங்கள் அறிவீர்கள். விரல் அசைக்க முடியாதவருக்குப் பேசினால் எழுதும் வசதி பெரிய துணை. 2017 முதல் கூகுள் தட்டச்சில் தமிழிலும் பேசி எழுதலாம். அழைப்பு எடுக்கவும் குரல் போதும். மின்சாரச் சக்கர நாற்காலியும் உண்டு. ஆனால் அதை வாங்கு முன் பாதையைப் பாருங்கள். இங்கே மணலும் மழைக்காலச் சேறும், லயத்துப் பக்கம் படிக்கட்டும் சரிவும். வீட்டைவிட்டு வெளியே எடுக்க முடியாத நாற்காலி விலை உயர்ந்த கதிரைதான். சில இடத்தில் ஒரு சீமெந்துச் சரிவுப் பாதை, ஐந்து இலட்சக் கருவியைவிடக் கூடுதலாக உதவும்.

தடைகள் எவை?

நாம் கண்டவரையில் தடை மூன்று. முதலாவது, வெட்கம். "மெஷின் போட்டா பொண்ணுக்குக் கல்யாணம் ஆகாது" என்று மறைக்கிறோம். மூக்குக்கண்ணாடியும் ஒரு கருவிதான். அதைப் போட்டால் படித்தவர் என்கிறோம். காதில் போட்டால் மட்டும் ஏன் தலை குனிகிறோம்? முன்வினை என்று சொல்லிப் பிள்ளையை அறைக்குள் வைப்பது, வினையை நாமே செய்வதற்குச் சமம்.

இரண்டாவது, மொழி. கருவியோடு வரும் தாள் பெரும்பாலும் ஆங்கிலத்தில். சொல்லிக் கொடுப்பவர் அவசரத்தில். தமிழில் நிதானமாகச் சொல்ல ஆள் இல்லாவிட்டால் எந்தக் கருவியும் அலுமாரிக்குத்தான் போகும்.

மூன்றாவது, கொடுத்துவிட்டுப் போய்விடுவது. மேடையில் படம் எடுத்துக் கருவி கொடுப்பார்கள். ஆறு மாதம் கழித்துப் பற்றரி எங்கே, பழுது பார்ப்பவர் எங்கே என்று கேட்க ஆள் இருக்காது. ஆகவே யாராவது கருவி தர வந்தால் நன்றியோடு மூன்று கேள்வியும் கேளுங்கள். யார் பழக்குவார்? பற்றரிக்கு மாதம் என்ன செலவு? பழுதானால் எங்கே கொண்டு போவது? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத தானம் அரைத் தானம்.

உரிமையும் வழியும்

இது பிச்சை கேட்பதல்ல. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், ஒருவருடைய குறைபாட்டைக் காரணம் காட்டி வேலையிலோ கல்வியிலோ பாகுபாடு செய்யக் கூடாது என்கிறது. அரசாங்க வேலைகளில் 3 சதவீதம் ஒதுக்கவேண்டும் என்ற சுற்றுநிருபம் 1988இலேயே வந்தது. மாற்றுத்திறனாளிகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதி செய்தது. சட்டம் காகிதத்தில் தூங்கும். கேட்பவன்தான் எழுப்ப வேண்டும்.

உங்கள் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தர் இருக்கிறார். கிராம அலுவலர் மூலமாக முதலில் பெயரைப் பதியுங்கள். பதியாத பெயருக்கு ஒன்றும் வராது. வைத்திய அறிக்கைகளை ஒரு பைலில் போட்டு, பிரதி எடுத்து வையுங்கள். தோட்டத்தில் இருப்பவர்களுக்கும் இதே வழிதான். துரை கந்தோரோடு காரியம் முடிந்துவிடாது, பிரதேச செயலகம் உங்களுக்கும் சொந்தமானது. ஓமந்தையில் உள்ள சொந்தத்துக்கு ஒரு வழி தெரிந்தால் ஹட்டனில் உள்ள சொந்தத்துக்குப் போன் எடுத்துச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்தக் கூட்டத்தில் காது மெஷின் போட்டிருப்பவர்கள், பேசும் போன் பாவிப்பவர்கள் சிலர் இருக்கிறீர்கள். செயற்கைக் கால் ஊர் ஊராகப் பரவியது, அதைப் போட்டவர் தெருவில் நடந்ததால். உங்கள் கருவி மறைவாக இருப்பதால் நீங்கள்தான் அதைக் காட்ட வேண்டும். கலைந்து போகு முன் பக்கத்தில் இருப்பவரிடம் அதைக் கொடுத்து, இது என்ன, எப்படிக் கிடைத்தது, முதலில் என்ன கஷ்டம் பட்டேன், இப்போது என்ன லாபம் என்று சொல்லுங்கள். எங்கள் ஒரு மணித்தியாலப் பேச்சைவிட அந்தப் பத்து நிமிடம் அதிகம் செய்யும். இன்று இங்கு வராமல் வீட்டுக்குள் இருப்பவர் ஒருவரின் பெயரையும் ஒவ்வொருவரும் எங்களிடம் எழுதித் தாருங்கள். அடுத்த முறை நாங்கள் வரும்போது அவர்களும் முன்வரிசையில் இருக்க வேண்டும்.